க்ரான் வேலையிலிருந்து ஜாபிக்ஸுக்கு ஒரு எண் அனுப்ப நான் பட்ட பாடு

தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாகவே ஓடும் வேலை) ஒன்று எங்களிடம் இருந்தது. பல மாதங்களாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு டேபிளை மீட்க வேண்டிவந்து ஃபோல்டரைத் திறந்தால், கடைசி 11 நாள் ஃபைல்களும் தலா 20 பைட். உள்ளே ஒன்றுமே இல்லாததை ஜிசிப் சுருக்கினால் வருகிற அளவு அது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸின் நகலை எடுக்கும் டம்ப் கமாண்ட் அன்றிலிருந்தே தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பைப்பின் (ஒரு கமாண்ட் தருவதை அடுத்த கமாண்டுக்குக் கொடுக்கும் இணைப்பு) மறுமுனையில் இருந்த ஜிசிப், தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு எக்ஸிட் கோட் 0, அதாவது வெற்றி என்று சொல்லியிருக்கிறது. பைப்லைனில் கடைசி கமாண்ட் சொல்வதைத்தான் ஷெல் முடிவாக எடுத்துக்கொள்ளும். நல்லவேளை, எங்களுக்கு வேண்டிய டேபிள் 12 நாள் முந்தைய ஃபைலில் கிடைத்தது.

நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஏற்கெனவே ஜாபிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச், ரவுட்டர், டிஸ்க் எல்லாம் அதில் தெரியும், இரவு வேலைகள் மட்டும் தெரியாது. அதனால் பேக்கப்பின் எக்ஸிட் கோடை அதற்கு அனுப்பிவைக்க நினைத்தேன். ஜாபிக்ஸ் சென்டர் என்ற கமாண்டுக்கு சர்வர் முகவரி, ஹோஸ்டின் பெயர், ஐட்டத்தின் (ஜாபிக்ஸ் கண்காணிக்கும் ஒரு அளவு) கீ, மதிப்பு இந்த நான்கையும் கொடுத்தால் போர்ட் 10051 வழியாக அனுப்பிவிடும். சர்வர் பக்கம் அந்த ஐட்டத்தை, வெளியிலிருந்து அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் ட்ராப்பர் வகையில் உருவாக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை அனுப்பியதும் ‘ஃபெயில்ட் 1’, அதாவது ஒரு மதிப்பு தோற்றது என்று வந்தது. போர்ட், ஃபயர்வால் என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் பெயர்தான் காரணம். ஜாபிக்ஸில் ஒரு ஹோஸ்டுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். திரையில் தெரிவது ஒன்று, உள்ளே பதிவானது இன்னொன்று. சென்டருக்கு உள்ளே இருக்கும் பெயர்தான் வேண்டும், அதுவும் எழுத்துக்கு எழுத்து அப்படியே. டேட்டா போய்ச் சேர்ந்தும் சர்வர் ஏற்காவிட்டால் சென்டர் 2 என்ற எக்ஸிட் கோடோடு முடியும், போகவே இல்லை என்றால் 1. இதை முன்பே கவனித்திருந்தால் ஃபயர்வால் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி, கையால் ஓட்டினால் வேலை செய்கிறது. க்ரானில் போட்டால் சத்தமே இல்லை. நம் டெர்மினலில் இருக்கும் பாத் க்ரானுக்குக் கிடைக்காது, ஒன்றிரண்டு டைரக்டரிகளை மட்டும்தான் அது பார்க்கும். எங்கள் சென்டர் வேறொரு டைரக்டரியில் இருந்தது. முழுப் பாதையையும் எழுதினேன். ஃபைல் பெயரில் தேதி போட வைத்திருந்த சதவீதக் குறி அடுத்த தொல்லை. க்ரான்டாபில் (க்ரான் வேலைகளை எழுதிவைக்கும் பட்டியல்) அதற்குப் புது வரி என்று பொருள், கமாண்ட் பாதியிலேயே அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு பாஷ் ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய், க்ரான்டாபில் அதன் பெயரை மட்டும் விட்டேன்.

அந்த ஸ்கிரிப்டில் முதல் வரியாக பைப்ஃபெயிலை ஆன் செய்தேன். பைப்பில் யார் தோற்றாலும் இனி வெளியே தெரியும். அப்புறமும் ஜாபிக்ஸில் 0 தான் வந்தது! டம்புக்கும் சென்டருக்கும் நடுவே லாக் எழுதும் ஒரு வரி வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தது அந்த வரியின் எக்ஸிட் கோட். டம்ப் முடிந்த கையோடு கோடை ஒரு வேரியபிளில் எடுத்துவைத்துக்கொண்ட பிறகுதான் சரியானது.

ஆனால் இதெல்லாம் ஸ்கிரிப்ட் ஓடினால்தான். மெஷினே படுத்துவிட்டால், யாராவது க்ரான்டாபை அழித்துவிட்டால், அலர்ட் அனுப்ப ஆளே இருக்காது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது இதுதான். அதனால் மதிப்பு 0 இல்லையென்றால் அலறும் ட்ரிகரோடு, நோடேட்டா ஃபங்ஷனை வைத்து இரண்டாவதாக ஒன்று போட்டேன்: 26 மணி நேரம் எதுவும் வராவிட்டால் கூப்பிடு. சரியாக 24 வைத்தால், பேக்கப் பத்து நிமிடம் தாமதமானாலும் வீணாக எழுப்பிவிடும்.

சோதிக்க, பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தேன். உடனே அலர்ட் வந்தது. திரும்பச் சரிசெய்து, திங்கள் அதிகாலை 2:10-க்கு 0 வந்ததைப் பார்த்துவிட்டு, க்ரான்டாப் வரியை கமெண்ட் செய்தேன். செவ்வாய் அதிகாலை 4:10 தாண்டியதும் போன் அடித்தது. எழுந்து கமெண்டை எடுத்துவிட்டு, பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டி, ஃபைலின் அளவைப் பார்த்த பிறகுதான் மறுபடி படுத்தேன்.