பல் எடுக்க மயக்க ஊசி: ரிசப்ஷனில் சொல்லாத விஷயங்கள்

"காலையில நல்லா சாப்பிட்டுட்டே வாங்க மேடம்." ரிசப்ஷனில் சொன்ன இந்த ஒரு வரியால் என் பல் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. கோபம் இன்னும் ஆறவில்லை. பல் டாக்டர் என்றாலே கை கால் நடுங்குகிறவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே எடுத்தாக வேண்டும் என்றார்கள். சின்ன வயதில், சரியாக மரத்துப்போவதற்குள் எனக்குப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த நாற்காலி பின்னால் சாய்ந்தாலே இன்றும் உள்ளங்கை வியர்த்துவிடும். செடேஷன், அதாவது பயம் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் வைப்பது, வேண்டும் என்று நானே கேட்டேன்.

முதலில் போன கிளினிக்கில் சிரிப்பு வாயு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து, மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். தூக்கம் வராது, பயம் மட்டும் தணியும். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். மூக்கால் இழுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அன்று எனக்குக் கடும் சளி. மாஸ்க்கைப் பொருத்திப் பார்த்த பிறகுதான், "மூக்கடைப்பு இருந்தா இது வேலை செய்யாதே" என்றார்கள். முந்தின நாள் போனில் அப்பாயின்ட்மென்டை உறுதி செய்தவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

மாத்திரை போட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆனால் விழுங்கிய பிறகு அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஆளுக்கு ஆள் வேலை செய்வதும் மாறும். எலும்பைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்ததால் என் டாக்டர் ரத்தக்குழாய் வழியே போடும் மயக்க ஊசியே நல்லது என்றார். அதற்கு மயக்க டாக்டர் வெளியிலிருந்து வருவார். தேதி குறித்து அட்வான்ஸும் கட்டினேன்.

அங்கேதான், ரிசப்ஷன் பேச்சைக் கேட்டு அன்று காலை நான் சாப்பிட்டுவிட்டுப் போன இட்லி குறுக்கே வந்தது. "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்று மயக்க டாக்டர் கேட்டார். எட்டரை மணிக்கு என்றேன். கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார். மயக்கத்தில் இருமும் திறன் மந்தமாகிவிடும், வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வெறும் மரத்துப்போகும் ஊசி என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் வரச் சொல்வார்கள். ரிசப்ஷனில் அதே வழக்கமான பாடத்தை எனக்கும் ஒப்பித்துவிட்டார்கள்.

கேஷ் கவுன்டரில், மயக்க டாக்டர் வந்துபோன கட்டணத்தை அட்வான்ஸிலிருந்து கழிப்போம் என்றார்கள். "சாப்பிட்டு வரவும்" என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை எடுத்து நீட்டினேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரு ரூபாய்கூடக் கழிக்காமல் அடுத்த தேதிக்கு மாற்றிக்கொடுத்தார்கள். எதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்த தேதியில் எல்லாம் சுமுகம். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்ட வேண்டும் என்று நெயில் பாலிஷைத் துடைக்கச் சொன்னார் நர்ஸ். புறங்கையில் ஊசி ஏறியது, தலைக்கு மேல் இருந்த விளக்கு லேசாக மங்கியது, அவ்வளவுதான் ஞாபகம். நடுவில் "வாயைத் திறங்க" என்றபோதெல்லாம் திறந்தேனாம், கேட்டதற்குத் தலையும் ஆட்டினேனாம். ஈறில் மரத்துப்போகும் ஊசியும் போட்டிருக்கிறார்கள், அது போட்டதே எனக்குத் தெரியாது. புறங்கையில் ஏற்றிய மிடசோலம் என்ற மயக்க மருந்து, அந்த நேரத்து நினைவையும் பதியவிடாதாம். இத்தனை வருடம் நான் பயந்துகிடந்த அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை. அந்த நிம்மதியில் அழுதுவிட்டேன்.

துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டதற்கு, "ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம் மேடம்" என்றவரும் அதே ரிசப்ஷன்காரர்தான். நம்பாதீர்கள். தம்பி வந்திருந்ததால் பிழைத்தேன். படி இறங்கவே அவன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது.

குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், தூக்க மாத்திரைப் பழக்கம், கர்ப்பம் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பி.பி., சுகர் மாத்திரையை அன்று போடலாமா என்பதை ரிசப்ஷனில் கேட்காமல் டாக்டரிடமே கேளுங்கள். மயக்க டாக்டரின் கட்டணம் பல் எடுக்கும் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்குத் தனி பில்தான் வந்தது.