துளைக்குத் துளை பொருந்தியது: ஹாஷெக் ஜெர்சி, எட்டாவது மாதம்

பொருந்திவிட்டது! ஐஸ் ஹாக்கி கோலி (கோல் காப்பவர்) டொமினிக் ஹாஷெக்கின் பஃபலோ சேபர்ஸ் அணி வெள்ளை ஜெர்சி, 1998-99 சீசன், எண் 39. அவர் ஆட்டத்தில் அணிந்தது இதேதானா என்று பழைய படங்களில் எட்டு மாதம் தேடி, நேற்று இரவு ஒரு புகைப்படத்தோடு வலைத்துணி துளைக்குத் துளை ஒத்துப்போனது. அப்புறம் தூக்கம் எங்கே வரும்.

இத்தனை நாள் இழுத்ததற்குக் காரணம், நான் தப்பான இடத்தில் தேடியதுதான். கோலி ஜெர்சி என்றதும் பக் (ரப்பர் வட்டு) பட்ட கறுப்புத் தடத்தையும் கோல் கம்பத்தின் சிவப்புப் பெயின்ட்டையும்தான் முதலில் பார்ப்போம். அதிலும் ஹாஷெக் பனியில் உருண்டு புரண்டு, மட்டையைக்கூடக் கீழே போட்டுவிட்டுத் தடுப்பவர், தடத்துக்குப் பஞ்சமே இல்லை. வலது முழங்கைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் கோடு இருக்கிறது. அதை வைத்து நூற்றுக்கணக்கான படங்களை அலசினேன், ஒன்றிலும் இல்லை. அது சீசன் கடைசியில் விழுந்ததாக இருக்கலாம், அதற்கு முன்பு இருந்தவை சலவையில் மங்கியிருக்கலாம். தடம் வரும், போகும். தைத்த எண் நகராது.

அதனால் வலது கையில் உள்ள 39-க்கு வந்தேன். எண்ணின் ஓரம் வலைத்துணியில் எந்தத் துளையைப் பாதி மறைக்கிறது, எதைத் திறந்து விடுகிறது என்பது அதே ஆட்டக்காரரின் அடுத்த ஜெர்சியில்கூட வேறாக இருக்கும். இதில் 9-இன் அடி வளைவில் மூன்று துளைகள் பாதி மூடி, நாலாவது முழுசாகத் திறந்திருக்கிறது. பக்கத்திலேயே ஜிக்ஜாக் தையல் ஓரிடத்தில் எண்ணைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. மேசையில் தட்டையாக விரித்து எடுத்த படம் இதற்கு உதவவில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் உள்ளே பாதுகாப்பு மெத்தை நிரம்பித் துணி விரிந்து நிற்கும். ஜெர்சியின் கைக்குள் துண்டுகளைச் சுருட்டித் திணித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்து, பழைய படத்தின் அதே கோணத்தில் எடுத்த பிறகுதான் வரிசை தெரிந்தது. ஒன்று சொல்கிறேன், படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் மென்பொருள் பக்கம் போகவே போகாதீர்கள். அது இல்லாத துளையை வரைந்து வைத்துவிடும். ஃபிலிம் ஸ்கேனில் புள்ளி தெரிந்தாலும் அதுதான் உண்மை.

அப்போது என்எச்எல்லில் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வெள்ளை சொந்த ஊர் ஆட்டத்துக்கு, அதனால் பிளேஆஃப் போக, தேட வேண்டியது 41 ஆட்டங்கள்தான். அந்த சீசனில் 64 ஆட்டம் ஆடி 0.937 தடுப்பு விகிதம் (கோலை நோக்கி வந்த ஷாட்களில் தடுத்த பங்கு) வைத்திருந்தார், அதில் ஓர் இரவை இந்தத் துணி பார்த்திருக்கிறது!

விற்றவர் கொடுத்த கடிதத்தில் சீசன் மட்டும்தான் இருந்தது, சீசனுக்குள் மாற்றி மாற்றி அணியும் ஜெர்சிகளில் இது எந்த செட் என்றுகூட இல்லை. இனி ஆட்டத்தில் அணிந்த ஜெர்சிகளை விற்கும் மெய்கிரே நிறுவனம் மாதிரி செட்டோடு பதிவு செய்து தருபவர்களிடம்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்து இன்னொரு கோலி, பாட்ரிக் ரூவாவின் 1992-93 மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி சிவப்பு ஜெர்சி. ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் சாம்பியன் கோப்பை) நூற்றாண்டுச் சின்னம் தைத்தது. சிவப்பில் கம்பத்துப் பெயின்ட் கண்ணுக்கே தெரியாது, முழுக்கத் துளையை நம்பித்தான் போக வேண்டும். இப்போதே படம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சரி, ஹாஷெக்கில் முதுகு எண் இன்னும் பாக்கி. கோல் வலைக்குப் பின்னாலிருந்து எடுத்த 1998-99 படம் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள்.