காற்றாடிமலைக்கு அத்தானோடு

அத்தானை வண்டியில் ஏற்றுவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. "கோயிலுக்கா? நான் வரல்ல. உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போ" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். கடைசியில் "தக்கலைப் பக்கம் கோட்டையைப் பார்த்துட்டு வருவோம்" என்று சொல்லிக் கிளப்பினேன். முழுப் பொய்யும் இல்லை, முதலில் போனது உதயகிரிக் கோட்டைக்குத்தான்.

2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது அத்தானின் ஏத்தன் வாழை ஒன்று விடாமல் சாய்ந்தது. குலை தள்ளி நின்ற வாழை. நிலம் பாட்டத்துக்கு எடுத்தது, உரம் கடனுக்கு வாங்கியது. அப்புறம் அக்காவின் நகை அடகுக் கடைக்குப் போனது, அத்தான் குடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதும் நின்றது. நானும் சும்மா இருக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் புத்தி சொன்னேன், பைபிள் வசனம் சொன்னேன், தியானத்துக்குப் போகச் சொன்னேன். என்னைக் கண்டால் பின்வாசல் வழியாக நழுவ அவர் பழகிக்கொண்டதுதான் மிச்சம்.

கோட்டைக்குள் மரநிழலில் நடந்து போனால் கூரையில்லாத பழைய சிற்றாலயம் ஒன்று. அதற்குள் டிலனாயின் கல்லறை. டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர், பிறகு அதே மன்னருக்குப் படை பழக்கித் தளபதியானவர். வலிய கப்பித்தான் என்று திருவிதாங்கூரே அழைத்தது. கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்கி, ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை அடக்கியதையும், 1777 ஜூன் 1-ல் இறந்ததையும் சொல்கிறது லத்தீன் வாசகம்.

நாங்கள் எதற்காக அங்கே நின்றோமோ அது அந்தக் கல்லில் இல்லை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர். பின்னாளில் புனித தேவசகாயம் ஆனவர் இவர்தான். அவருக்கு மாடு செத்தது, பயிர் போனது, வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நட்டம். மனமுடைந்திருந்த அவரிடம் டிலனாய்தான், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை பைபிளிலிருந்து சொன்னார்.

"மாடு போச்சு, பயிரு போச்சுன்னா சொன்னே?" என்று கேட்டார் அத்தான். அன்று காலையிலிருந்து அவராக வாய் திறந்தது அப்போதுதான். நான் உடனே யோபு ஆகமத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் கல்லறைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

புலியூர்க்குறிச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. சிறைப்பட்டுத் தாகத்தில் துவண்ட தேவசகாயம் முழங்கை முட்டியால் பாறையை இடிக்க, தண்ணீர் வந்தது என்பது மரபு. முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பாறைக் குழியிலிருந்து ஒரு பாட்டி தண்ணீர் முகந்து தந்தார். அத்தான் குடித்துவிட்டு மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டார்.

அங்கிருந்து நாகர்கோவில் தாண்டி, மாவட்ட எல்லையையும் தாண்டி வடக்கன்குளம். 1745 மே 14-ல் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆன ஊர். லாசர் என்ற பெயருக்குத் தமிழ். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். திருவிதாங்கூர் எல்லைக்குள் வைத்துச் செய்ய முடியாததால் இவ்வளவு தூரம் வந்து, சேசு சபைக் குரு ஒருவரிடம் பெற்ற ஞானஸ்நானம்.

நாம் கத்தோலிக்கர் மீட்பு என்கிறோம், பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தேக்காரர்கள் இரட்சிப்பு என்கிறார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான் சிரித்தார். "மீட்புன்னா எனக்கு அடகுக் கடைதான் ஞாபகம் வருது மக்கா."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. பொருள் நம்முடையதுதான். வேறொருவன் பெட்டியில் கிடக்கிறது. யாராவது விலை கொடுத்தால்தான் வெளியே வரும்.

வடக்கன்குளத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1872-ல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள், பீடத்தில் போய்ச் சேரும் இரண்டு கால்கள் மாதிரி. கால்சட்டைக் கோயில் என்பார்கள். ஒரு சாதியார் இந்தக் காலில், மற்றவர் அந்தக் காலில், நடுவே சுவர். 1910-ல்தான் சுவரை இடித்தார்கள். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் தேவசகாயத்தின் மேல் பகை மூள ஒரு காரணம். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே அவருக்குப் பின் நூறாண்டு கழித்துச் சுவர் எழுப்பியிருக்கிறோம். எங்கள் ஊரிலும் சுவர் இல்லை, அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். புனிதர் பட்டத்துக்கு முன்னால் பெயரிலிருந்து 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்தபோது எங்கள் பங்கில் முகம் சுளித்தவர்களும் உண்டு.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழி. ஆடி மாதம், கணவாய்க் காற்று வண்டியையே தள்ளியது. சுற்றிலும் காற்றாலைகள். காற்றாடிமலை என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் காற்றாலைகளைப் பார்த்து வைக்கவில்லை, ஆனால் பார்த்திருந்தாலும் வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 1749-ல் கைது செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், மூன்றாண்டு வதைத்து, 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இங்கேதான் சுட்டார்கள். பொங்கல் நேரம் என்பதால் எங்கள் பக்கம் அந்த நாளை யாரும் மறப்பதில்லை.

மேலே மணியடிச்சான் பாறை. ஒரு சிறுமி கூழாங்கல்லால் அதைத் தட்டினாள். கல்லின் சத்தம் இல்லை, வெண்கலத்தின் சத்தம். காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. அத்தானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார். அப்புறம் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பேச வாயெடுத்தேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் யோபுவின் நண்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாவற்றையும் கெடுத்தார்கள். ஏழு ஆண்டாக நான் செய்ததும் அந்த இரண்டாவது வேலையைத்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்போம். அத்தான் ஒருமுறை தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். காற்றில் தூசி பறந்தது, அதனாலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு வந்தபோது மணி ஐந்து. காட்டில் எறிந்த உடலின் மிச்சத்தை எடுத்து வந்து பீடத்தருகே அடக்கியிருக்கிறார்கள். 2012-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். முன்பு ஊர்க்காரர்கள் மட்டும் முழங்காலிட்ட இடத்தில் இப்போது வெளியூர் ஆட்களும் வருகிறார்கள்.

அத்தான் கல்லறைப் பக்கம் போய் முழங்காலிட்டார். நான் வெளியே வந்து டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். அவர் வர நாற்பது நிமிடம் ஆனது.

வண்டியில் ஏறியவர் செட்டிகுளம் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நமக்கு அடுத்த தோட்டத்துக்காரன் இருக்கான்லா, ரப்பர் முழுசும் ஒக்கியில போச்சே. என்னைவிட மோசமா குடிக்கான். அவனை ஒரு நாள் காற்றாடிமலைக்குக் கூட்டிட்டுப் போவமா?"

"போலாம் அத்தான்."

"நீ வண்டியை மட்டும் ஓட்டு. ஒண்ணும் பேசப்பிடாது, கேட்டியா?"