மகளைப் பால்வாடியில் சேர்த்தோம்

மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வீட்டில் வந்துவிட்டது. எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தனியார் பள்ளி எல்.கே.ஜி. கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கும் 25 சதவீத இடத்துக்கு விசாரித்தேன். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாமாம். எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதே இரண்டரை கிலோமீட்டர். அது அதோடு போயிற்று. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை.

மிச்சம் பால்வாடி, அதாவது சாதாரண அங்கன்வாடிதான். "ஏம்மா, பால்வாடிக்கா அனுப்பப் போற? அங்க சோறு மட்டும்தான் போடுவாங்க" என்றார் மாமியார். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான்.

நடக்கிற தூரத்தில் இரண்டு மையங்கள். முதலாவதற்கு மூன்று நாள் போனேன். இரண்டு நாள் டீச்சர் இல்லை. அவருக்கு இன்னொரு மையமும் கூடுதல் பொறுப்பு. உதவியாளர் அக்கா ஒற்றை ஆளாகச் சமைத்துக்கொண்டே பிள்ளைகளையும் பார்த்தார். விளையாட்டுச் சாமான்கள் பீரோவுக்குள் கவர் பிரிக்காமல் கிடந்தன. அக்காமீது எனக்குக் கோபமே இல்லை. இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது மையத்தின் கட்டடம் அதைவிடப் பழசு. ஆனால் பத்தரை மணிக்குப் போனபோது டீச்சர் தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ண வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பையன் ஏழு வைத்தான். தப்பு என்று அவர் சொல்லவில்லை. "அவ வரிசைக்குப் பக்கத்துல உன்னோடதையும் வச்சுப் பாரு" என்றார். அவன் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு கொட்டையைத் தானே எடுத்துக்கொண்டான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சேர்க்கை பத்து நிமிட வேலை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை. டீச்சர் எடையும் உயரமும் பார்த்துக் கைபேசியில் பதிந்துகொண்டார். கட்டணம் கிடையாது. மதியம் கலவைச் சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை.

நீங்களும் பார்க்கப் போனால், சொல்லாமல் பத்தரை மணி வாக்கில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சுவரில் வரைந்த படங்களை வைத்து ஒன்றும் தெரியாது. அப்புறம் கழிப்பறையைத் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். மகள் போகும் மையத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை. அங்குள்ள உதவியாளர் அக்காதான் குடத்தில் சுமக்கிறார். நான்கு பெற்றோர் சேர்ந்து பேரூராட்சியில் மனு கொடுத்தோம். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.