தோள்பட்டை ஜவ்வு கிழிந்தால் உடனே ஆபரேஷனா?

என் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'லேப்ரல் டேர்', அதாவது தோள்பட்டை ஜவ்வில் கிழிசல், என்று வந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான், ஆபரேஷன் எப்போது? எங்கள் ஊர் வாலிபால் பசங்களும் இப்போது இதே மாதிரி ரிப்போர்ட்டோடு வந்து கேட்கிறார்கள். அதனால் தெரிந்த அளவுக்கு எழுதிவிடுகிறேன்.

தோள்பட்டைக் குழி ரொம்ப ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள் முழுசாக உட்காராது. குழியின் விளிம்பைச் சுற்றி குக்கர் கேஸ்கெட் மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம் ஓடுகிறது, அதுதான் லேப்ரம். குழியின் ஆழத்தில் கிட்டத்தட்ட பாதி இந்த வளையத்தால் கிடைப்பது. இது எந்த இடத்தில் கிழிந்தது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே.

பந்து எறிகிறவர்கள், ஸ்மாஷ் அடிக்கிறவர்களுக்கு மேல்பக்கம் கிழியும். பைசெப்ஸ் தசையின் ஒரு தசைநாண் அங்கேதான் வந்து பிடித்திருக்கிறது, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வீசும்போது அது முறுக்கி இழுக்கும். 1990-ல் ஸ்டீபன் ஸ்னைடர் என்ற அமெரிக்க சர்ஜன் இதற்கு ஸ்லாப் என்று பெயர் வைத்தார். தோள் கழன்று முன்பக்கமாக வந்தால் கிழிவது முன்கீழ்ப் பகுதி. அது பேங்கார்ட், 1923-ல் அதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய சர்ஜனின் பெயர். கபடியில் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும்போது இப்படி ஆவதுண்டு.

எனக்கு ஸ்லாப். வலி எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, உள்ளே எங்கேயோ ஆழத்தில் இருக்கும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது பிரேக் போட்டால் 'களுக்'கென்று ஒரு சத்தம். டாக்டர் கையை முன்னால் நீட்டி, கொஞ்சம் உள்பக்கம் கொண்டுவந்து, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லிவிட்டு மேலிருந்து அழுத்தினார். உயிர் போனது. அதே கையை உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் திருப்பி அழுத்தினார், வலி பாதிகூட இல்லை. அதை வைத்தே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அப்புறம்தான் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கிற எம்ஆர்ஐக்கு அனுப்பினார்.

ஒரு விஷயத்தை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும், ஸ்கேன் எடுத்தால் லேப்ரத்தில் கிழிசல் தெரியும். நார்வேயில் ஸ்லாப் உள்ள 118 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிழிசலைத் தைத்து, இன்னொரு குழுவுக்குப் பைசெப்ஸ் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மூன்றாவது குழுவுக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நானும் நாற்பதைத் தாண்டியவன், வேகமாகப் பந்து வீசிப் பிழைக்கிறவனும் இல்லை. முதலில் பிசியோ என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அது சரியாகவே பட்டது.

ஆனால் இருபது வயதுப் பையனுக்குத் தோள் கழன்றிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த வயதில் திரும்பத் திரும்பக் கழலும், ஒவ்வொரு தடவையும் குழியின் எலும்பு விளிம்பு தேயும், அப்புறம் லேப்ரத்தை மட்டும் தைத்தால் போதாத நிலை வந்துவிடும். அவன் தோள்பட்டை சர்ஜனைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். கிரவுண்டிலேயே நாலு பேர் பிடித்து இழுத்து உள்ளே தள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், நரம்பு அடிபட்டால் கையைத் தூக்கவே முடியாமல் போகும்.

பிசியோவில் கைக்கு முன்னால் முதுகுப் பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளுக்குத்தான் வேலை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையைக் கட்டிப் பின்னால் இழுப்பது, ஒருக்களித்துப் படுத்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு அரைக் கிலோ டம்பெல்லை மெதுவாக மேலே திருப்புவது. பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், பத்தாவது முறை தோளின் பின்பக்கம் நடுங்கும். லேப்ரத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, தானாக ஒட்டிக்கொள்வது அபூர்வம். எண்ணெய் போட்டு உருவினாலும் அந்த ஆழத்துக்கு ஒன்றும் போகாது. சுற்றியுள்ள தசைகள் உருண்டையை நடுவில் பிடித்து வைக்கப் பழகுவதால்தான் வலி குறைகிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆபரேஷன் செய்துகொண்டாலும் பிசியோவிலிருந்து தப்பிக்க முடியாது. நாலிலிருந்து ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடக்கும், எறிகிற விளையாட்டுக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், பழைய வேகம் வராமலே போகிறவர்களும் உண்டு. அதனால் சர்ஜனிடம் போகும்போது கிழிசல் எவ்வளவு பெரிசு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என் வலிக்கு இந்தக் கிழிசல்தான் காரணமா, என் வயதுக்கும் என் வேலைக்கும் தைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.