ஒப்படையும் இரவல் கணினியும்

மட்டக்களப்பில் பட்டப்படிப்பு மாணவர்களின் ஆய்வறிக்கைகளை மேற்பார்வை செய்துவரும் எனக்கு, ஓர் ஒப்படை எதில் எழுதப்பட்டது என்பதை முதற்பக்கத்திலேயே பெரும்பாலும் ஊகிக்க முடிகிறது. கைப்பேசியில் எழுதியவரின் அட்டவணைகள் பக்க ஓரத்தில் வெட்டுண்டு கிடக்கும். கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துத் தட்டச்சுச் செய்வித்தவரின் கோப்போ அநேகமாகப் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதைக் கைப்பேசியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிவதால், தம் கட்டுரையைத் தாமே வாசித்துத் திருத்த அவருக்கு வழியில்லை. ஒரு வரியை மாற்றுவதற்கும் மீண்டும் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். புள்ளியிடுபவர் இந்தக் குறைகளை அசட்டை என்றே எடுத்துக்கொள்கிறார்.

சொந்தக் கணினி வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதப்படவில்லை. ஆயினும் ஞாயிறு நள்ளிரவுக்குள் பதிவேற்றும்படி ஒரு பேராசிரியர் அறிவிக்கும்போது, ஆய்வுகூடம் பூட்டிய பின்பும் எல்லோர் கையிலும் கணினி இருக்கும் என்று அவர் கேளாமலே தீர்மானித்துவிடுகிறார்.

2020 இல் வகுப்புகள் ஸூமுக்கு மாறியபோது மாணவர்கள் கைப்பேசியிலேயே விரிவுரை கேட்டுச் சமாளித்தார்கள்; ஆனால் தரவுப் பகுப்பாய்வுக்கான எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் அதில் ஓடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ஐக் கடந்தது; இறக்குமதியாகும் மடிக்கணினியின் விலையும் அதோடு ஏறியது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவித்தொகை மாதம் 5000 ரூபாயாக இருந்த அந்நாளில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயற்கூலியை நம்பியிருந்த குடும்பம் மடிக்கணினியை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

கணினி இல்லாதவர் யார் என்று வகுப்பில் கேட்டால் ஒருவரும் கை உயர்த்தமாட்டார். “கூட்டாளிட லெப்டொப் இருக்கு சேர், சமாளிப்பம்” என்பார்கள். அந்த ஒரு லெப்டொப் விடுதி அறையில் இரவு முழுவதும் முறை வைத்துக் கைமாறுகிறது என்பதும், அதன் சொந்தக்காரர் முடித்த பிறகே மற்றவருக்கு முறை வரும் என்பதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன.

எதிர்பார்ப்பைத் தளர்த்தினால் வேலைச் சந்தையில் பிள்ளைகள்தான் பின்தங்குவார்கள் என்று சக விரிவுரையாளர்கள் சொல்வதை நான் மறுப்பதில்லை. தளர்த்த வேண்டியது தரத்தை அல்ல, நேரத்தையும் இடத்தையும்தான். அதனால் என் ஒப்படைகளுக்கு ஆய்வுகூடம் திறந்திருக்கும் வாரநாளின் பிற்பகலையே இறுதி நேரமாக வைக்கிறேன். தரவுப் பகுப்பாய்வைச் செய்முறை வகுப்பிலேயே முடிப்பிக்கிறேன். கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் உள்ள கோப்புகளை மட்டுமே ஏற்கிறேன். அட்டவணைக்குரிய புள்ளிகளைக் குறைக்கவில்லை.