காது மெஷினுக்கு உதிரிப் பாகம்: மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு

கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டி, “எல்லா மெஷினுக்கும் இதுதான் சார்” என்றால், அது தடித்த டியூபாக இருந்தால் அளவைப் பார்த்துவிட்டு நம்பலாம். பேட்டரி என்றால் எண்ணைப் பார்த்துவிட்டு நம்பலாம். ஹூக், டோம், வேக்ஸ் கார்டு (காது அழுக்கு உள்ளே போகாமல் தடுக்கும் சிறு வடிகட்டி), ரிசீவர், பேட்டரிக் கதவு என்றால் நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மட்டுமல்ல, ஒரே கம்பெனியின் பழைய மாடலுக்கும் புது மாடலுக்குமே இவை மாறும். அதிலும் வம்பு என்னவென்றால், பல நேரம் தவறான பாகமும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் கோளாறு தொடங்கும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். காதுக்குப் பின்னால் உட்காரும் மெஷின் மூன்று விதம். ஒன்று, காதின் மேல் வளைந்து மாட்டும் பிளாஸ்டிக் ஹூக், அதிலிருந்து இறங்கும் தடித்த டியூப், காதின் அச்செடுத்துச் செய்த மோல்டு. இன்னொன்று, நேரே மெஷினிலிருந்து இறங்கும் மெல்லிய டியூப், நுனியில் காதுக்குள் போகும் சிறு குடை போன்ற சிலிக்கான் டோம். மூன்றாவது, ஸ்பீக்கரே காதுக்குள் இருக்கும் ரிசீவர் வகை. கடைசி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் தெரிந்தால் மெல்லிய டியூப், கம்பி ஓடினால் ரிசீவர். மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பெரும்பாலும் பேட்டரிக் கதவைத் திறந்தால் உள்ளேயோ உடலின் அடிப்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் படித்துவிடலாம். அலிம்கோ (மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணங்கள் தரும் மத்திய அரசு நிறுவனம்) முகாமில் கிடைத்த மெஷினாக இருந்தாலும் இந்தப் பெயர் வேண்டும். முகாமுக்கு முகாம் மாடல் மாறலாம்.

அடுத்து, எது கெட்டது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். விசிலடிக்கிறது என்பதற்காகப் புது மோல்டு செய்து, கடைசியில் ஹூக்கில் முடி அளவு விரிசல் என்று தெரியவருவது சகஜம். மோல்டு வகைக்கு ஒரு சோதனை இருக்கிறது. மெஷினைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டியூபை ஹூக்கிலிருந்து கழற்றிவிட்டு, மெஷினை ஆன் செய்து ஒலியை முழுவதும் ஏற்றுங்கள். ஹூக்கின் வாயை விரலால் இறுக மூடுங்கள். விசில் நிற்கவில்லையா? ஹூக்கையும் கழற்றி, மெஷினின் மூக்குத் துளையை மூடிப் பாருங்கள். இப்போது நின்றால் குற்றம் ஹூக்கில். அப்போதும் நிற்காவிட்டால் கோளாறு மெஷினுக்குள்ளே. எந்த உதிரிப் பாகமும் அதைத் தீர்க்காது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். ஹூக் தேறிவிட்டால் டியூபையும் மோல்டையும் திரும்ப மாட்டி, மோல்டின் நுனித் துளையை மூடுங்கள். பக்கத்தில் காற்றுக்கான சிறு துளை இருந்தால் அதையும் சேர்த்து மூட வேண்டும். இதை மறந்துதான் பலர் நல்ல டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். இப்போது விசிலடித்தால் டியூபில் கிழிசல், அல்லது டியூபும் மோல்டும் சேரும் இடத்தில் கசிவு. அடிக்காவிட்டால் இந்தப் பாகங்கள் எல்லாம் சரி. மோல்டு காதில் தளர்ந்திருக்கும், இல்லையேல் காதில் அழுக்கு அடைத்திருக்கும். இப்போதைய டிஜிட்டல் மெஷின்கள் விசிலைத் தாமே அடக்கிவிடும் என்பதால், குறைந்த சக்தி மெஷினில் இந்தச் சோதனை சில நேரம் பலன் தராது.

டியூபுக்கு வருவோம். உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்குவது 13 எண் டியூப். உள் விட்டம் 1.93 மி.மீ. வெளி விட்டம்தான் மாறும்: சாதாரணம் 2.95, நடுத்தரம் 3.10, தடித்தது 3.30 மி.மீ. உள் விட்டம் ஒன்றே என்பதால் மூன்றும் ஹூக்கில் ஏறும். ஆனால் மோல்டில் போட்ட துளை ஏதாவது ஒன்றுக்குத்தான் சரியாக இருக்கும். 3.30-க்குப் போட்ட துளையில் 2.95 லொடலொடவென்று ஆடும். பசை வைத்து ஒட்டினாலும் சுற்றிலும் ஒலி கசியும். தடித்த சுவர் எதற்கு என்றால், அதிக சக்தி மெஷினில் ஒலி டியூபின் சுவர் வழியே வெளியேறி மைக்கைத் தொட்டு விசிலாகத் திரும்பும், அதைத் தடுக்கத்தான். எண் கூடக் கூட உள் துளை சிறுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 16 எண் டியூபின் உள் விட்டம் 1.35 மி.மீ. மட்டுமே. அதை 13-க்குப் பதில் போட்டால் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கும்; ‘ச’, ‘ஸ’, ‘த’ எல்லாம் மழுங்கிக் கேட்கும். நுனியை நோக்கி விரியும் ஹார்ன் டியூப் இருந்தால் அதற்குப் பதிலும் ஹார்ன்தான். அவசரத்துக்குச் சலைன் டியூபை வெட்டி மாட்டுவது, கேட்கிறது என்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

டியூப் பிவிசி. வியர்வையிலும் சூட்டிலும் அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெளியேறிவிடும். பிறகு மஞ்சளாகி, விறைத்து, சுருங்கும். சுருங்கும்போது மோல்டைக் காதிலிருந்து மேலே இழுக்கும். அதனால் வரும் விசிலுக்கும் மோல்டுதான் பழி சுமக்கும். நம் ஊர் வெக்கையில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மாற்றும்போது வளைத்தே வரும் டியூபை வாங்குங்கள். நேர் டியூப் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். வளைவு எந்தத் திசை பார்க்கிறது என்று பழையதைப் பார்த்துக் குறித்துவிட்டு அதைப் பிடுங்குங்கள். புது டியூபின் நீண்ட முனையைக் கூராகச் சீவி, மோல்டின் வெளிப்பக்கத்திலிருந்து நுழைத்து, நுனிப்பக்கம் வந்ததும் இழுங்கள். வளைவு மோல்டின் மேல் வந்து உட்கார்ந்ததும் நுனியில் மிச்சத்தை மட்டமாக வெட்டுங்கள். அக்ரிலிக் மோல்டுக்கு டியூப் பசை ஒரு பொட்டு போதும். சிலிக்கான் மோல்டில் பசை பிடிக்காது. டியூப் லாக் என்ற சின்ன வளையம் கோத்த டியூப்தான் வேண்டும். பசை நன்றாகக் காயும் வரை காதில் வைக்காதீர்கள். மேல்முனையை வெட்டும் அளவுக்குப் பழைய டியூபை நம்ப வேண்டாம், அது சுருங்கியிருக்கும். மோல்டைக் காதில் வைத்து, மெஷினைப் பின்னால் உட்கார வைத்து, ஹூக் நுனி வரும் இடத்தில் குறித்து நேராக வெட்டுங்கள். நீளம் கூடினால் மெஷின் காதுக்கு மேல் எழும்பி ஆடும். ஹூக்கும் டியூபும் சேரும் இடத்தில் பசையே கூடாது. கழுவுவதற்கு அங்கேதான் கழற்ற வேண்டும்.

ஹூக்கில் திருகுவது, அழுத்தினால் பிடித்துக்கொள்வது என்று வகைகள் உண்டு. திருகு வகையில் மரை மாறினால் இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சாயும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் முறுக்கினால் மெஷினின் மூக்கே தேய்ந்துபோகும். பிறகு சரியான ஹூக்கும் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வித்தியாசம், ஹூக்குக்குள் இருக்கும் டேம்பர். 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி துருத்திக்கொண்டு எழுவதை அடக்கும் சிறு வலை அது. ஒலியை எவ்வளவு தடுக்கும் என்பதை நிறத்தால் பிரிப்பார்கள்: வெள்ளை 680 ஓம், பச்சை 1500, சிவப்பு 2200. டேம்பர் இருந்த இடத்தில் இல்லாததைப் போட்டால் பேச்சு கணீரென்று கேட்பதுபோல் தோன்றி, அரை மணியில் தலை வலிக்கும். இருந்ததைப் போலவே ஒன்று கிடைக்காவிட்டால், மாற்றியதை ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) சொல்லி மெஷினின் புரோகிராமைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஹூக்கை எடுத்துவிட்டு மெல்லிய டியூப் போடும்போதும் அப்படியே; புரோகிராம் மாறாமல் அது வேலைக்கு ஆகாது.

மெல்லிய டியூபிலும் ரிசீவர் கம்பியிலும் நீளத்துக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். சிவப்பு வலது, நீலம் இடது. ரிசீவரில் நீளத்தோடு சக்தியும் பார்க்க வேண்டும்: ஃபோனாக் கம்பெனி எஸ், எம், பி, யுபி என்கிறது, ஓட்டிகான் கம்பெனி 60, 85, 100 என்கிறது. 85 இருந்த இடத்தில் 100 போட்டால் அதிகம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். எந்த ரிசீவர் என்று மென்பொருளில் பதிந்தால்தான் மெஷின் அளவோடு ஒலி தரும்.

டோம்தான் இருப்பதிலேயே ஆபத்தான போலிப் பொருத்தம். ஓட்டிகானின் மினிஃபிட் டோம் அதற்கு முந்தைய கோர்டா டியூபுக்கு ஆகாது. ஃபோனாக்கிலும் 2018-இல் வந்த மார்வெல் வரிசையோடு டோமும் வேக்ஸ் கார்டும் மாறிவிட்டன: வேக்ஸ் கார்டு முன்பு செருஸ்டாப், பிறகு செருஷீல்டு. ஒட்டாத டோம் மாட்டும்போது இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றும்போது டியூப் மட்டும் வந்து டோம் காதுக்குள் தங்கிவிடும். மாட்டியதும் ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டே காதில் வையுங்கள். தங்கிவிட்டால் ஹேர்பின், இடுக்கி எதுவும் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். திறந்த டோமுக்கு மூடிய டோம் போட்டால் சொந்தக் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மூடியதற்குத் திறந்தது போட்டால் விசில்.

பேட்டரி எளிது. ஸ்டிக்கர் நிறம் எல்லா கம்பெனிக்கும் ஒன்றே: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். 13-க்கும் 312-க்கும் விட்டம் ஒன்றே, 7.9 மி.மீ.; உயரம்தான் 5.4, 3.6 என்று வேறு. கவனமாக இருக்க வேண்டியது 675-இல். பொம்மைக்கும் கால்குலேட்டருக்கும் போடும் எல்ஆர்44 அச்சாக அதே அளவு, 11.6-க்கு 5.4. கடையில் அதையே எடுத்துக் கொடுப்பார்கள், மெஷினும் பேசும். ஆனால் அது ஆல்கலைன், கொள்ளளவு ஏறக்குறைய கால் பங்குதான். தீரத் தீர மின்னழுத்தமும் சரியும். பேட்டரியின் முதுகில் பொடித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளை இருந்தால் துத்தநாகக் காற்று பேட்டரி. ஸ்டிக்கரைப் பிரித்ததும் இரண்டு மூன்று நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டினாலும் அது தீர்வது நிற்காது. துளையுள்ள பக்கம் கூட்டல். தலைகீழாக வைத்தால் கதவு முழுதாக மூடாது. அதை அழுத்தி மூடப்போய்த்தான் பல கதவுகளின் கீல் உடைகிறது. கதவு வாங்கப் போனால் மாடல் பெயரோடு நிறத்தையும் சொல்லுங்கள். குழந்தைக்கு என்றால் பூட்டும் வசதியுள்ள கதவு அந்த மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள். பேட்டரியை எடுத்து விழுங்கிவிடாமல் இருக்க அதுதான் வழி.